சேற்றுக்குக் கூரை போடும் காக்கா ஆழி

பென்னலூர் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரகடம் பக்கத்து ஆலைகளில் கார்களை ஏற்றி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு டிரெய்லரில் கொண்டுபோகிறவர். ஒருநாள் வண்டியைப் போட்டுவிட்டுக் கழிமுகப் பக்கம் நடந்திருக்கிறார். நீர் வடிந்த நேரம். சேறு தெரிய வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக, காலடியில் நறநறத்ததாம். மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்றார்களாம். “ஓடுகளின் இடுக்கில் குட்டி நண்டுகள் ஓடின. நண்டுக்கு வீடு கிடைத்தால் நல்லதுதானே?” என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காக்கா ஆழி ஒருவகைச் சிப்பி. மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்பது இதன் அறிவியல் பெயர். சொந்த ஊர் நடு, தென் அமெரிக்கக் கரைகள். 1986இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் ஒரு மின்நிலையத்தின் நீர்க்குழாய்களில் அடைத்துக்கொண்டிருந்தது. 2016இல் சிங்கப்பூரில் தென்பட்டது. பிறகு கேரளத்தின் அஷ்டமுடிக் காயல், நம் எண்ணூர், பழவேற்காடு. கப்பல் வழியே பரவியது என்பதே ஆய்வாளர்கள் கருத்து. சரக்கில்லாத கப்பல் ஆட்டம் காணாமலிருக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கேற்றும் இடத்தில் அந்த நீரைக் கொட்டும். கண்ணுக்குத் தெரியாத இளம்பருவ ஆழிகளுக்கு அது போதும்.

என்னை மயக்குவது, ஒட்டிக்கொள்ள இந்த ஆழி சுரக்கும் நூல். சென்ற மழையில் எங்கள் வீட்டுக் குழாய் கசிந்தபோது, இரண்டு நிறப் பிசினைப் பிசைந்து பிசைந்து அப்பினேன். ஈரம் காயும்வரை ஒட்டவே இல்லை. இந்த ஆழியோ நீருக்குள்ளேயே ஒட்டுகிறது! ஓட்டிலிருந்து நாக்குப் போன்ற பாதத்தை நீட்டும். பாதத்தில் ஒரு பள்ளம். அதில் புரதக் குழம்பு சுரக்கும். சில நிமிடங்களில் அது இறுகி நூலாகும். நுனியில் ஒரு சிறு பசைவட்டு. பாதத்தை இழுத்துக்கொண்டு, அடுத்த நூல். ஈரத் தசையில் ஒட்டும் மருத்துவப் பசைக்கு, சிப்பிகளின் இந்தப் புரதத்தைத்தான் விஞ்ஞானிகள் முன்மாதிரியாகக் கொள்கிறார்கள்.

ஒட்டக் கல் கிடைக்காவிட்டால் அண்டை ஆழியின் முதுகே போதும். என் அம்மா பூத்தொடுப்பது போல ஒன்றோடொன்று கட்டிக்கொண்டே போகும். கடைசியில் சேற்றின் மேல் ஒரு பாய் விரிந்துவிடும். நம் ஏரிகளில் ஆகாயத்தாமரை மேலே செய்வதை இது அடியில் செய்கிறது.

இனி நண்டுக்கு வருவோம். வாசகர் பார்த்தது உண்மை. ஓட்டிடுக்கில் சின்ன நண்டும் புழுவும் ஒதுங்கத்தான் செய்யும். ஆனால் கழிமுகத்துச் சிற்றுயிர்களில் பெரும்பாலானவை சேற்றின் மேல் வாழ்பவை அல்ல, சேற்றுக்குள் வாழ்பவை. மட்டி சேற்றில் புதைந்து, குழாயை மட்டும் மேலே நீட்டி மூச்சுவிடும். இறால் பகலில் சேற்றில் பதுங்கும். ஒரு கை மட்டும் பெருத்த நண்டு உமரிச்செடிகளுக்கு இடையே வளை தோண்டும். அந்த வளை வழியே காற்றும் நீரும் அடிமண்ணுக்கு இறங்கும். அந்த நண்டும் நிலத்தை மாற்றுகிற உயிர்தான். ஆனால் அது கதவு திறக்கிறது. காக்கா ஆழி கதவைச் சாத்துகிறது. நீரை வடிகட்டித் தின்றபின் இது கழிக்கும் சளியும் மலமும் பாய்க்கு அடியில் தேங்கி அழுகும். ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மண் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். மட்டி மூச்சுமுட்டிச் சாகும்.

இதை முதலில் கண்டவர்கள், பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் மக்கள். அவர்கள் கைதான் எண்ணூரின் மிகப் பழைய அளவுகருவி. நிலக்கரிச் சாம்பலும் சுடுநீரும் அந்தக் கழிமுகத்துக்கு வந்தபோதும் அவர்களே முதலில் கத்தினார்கள், கேட்க ஆளில்லை. ஆழியை இயந்திரத்தால் வாரிவிடலாம் என்று ஒரு யோசனை உண்டு. வார வேண்டியதுதான். ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு, எந்த மாதத்தில் என்பதை அந்த இறால் பிடிக்கும் மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டும். கண்மூடித்தனமாக வாரினால் மிஞ்சியிருக்கும் மட்டியும் அதோடு போகும். தப்பிய ஆழிகள் முட்டையிட்டு மறுபடி பாய் விரிக்கும்.

வாசகரே, அடுத்த நடையில் நீர் வடியும் நேரமாகப் பார்த்து, ஆழி இன்னும் மூடாத சேற்றுத் திட்டு ஒன்றின் ஓரமாக அசையாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் வளைகளிலிருந்து பெருங்கை நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எத்தனை வந்தன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.