மாடு கை மாறினால் எண்ணும் கை மாறட்டும்

மயிலாப்பூர் மாட வீதியில் நிற்கும் பசுவானாலும் உங்கள் தொழுவத்துப் பசுவானாலும் காதுவில்லையிலுள்ள 12 இலக்க எண்தான் அடையாளம். உரிமையாளர் பெயர், கோமாரி தடுப்பூசி, சினை ஊசி விவரமெல்லாம் 'பாரத் பசுதன்' இணையப் பதிவேட்டில் அந்த எண்ணின் கீழ்தான் ஏறுகின்றன.

சந்தையில் மாடு வாங்குவோர் பலர் பெயர் மாற்றுவதில்லை. பதிவேட்டில் அது விற்றவர் மாடாகவே இருக்கும். நாளை கோமாரி கண்டால், எங்கிருந்து வந்தது, எந்த மாடுகளோடு நின்றது என்று மருத்துவர் எப்படித் தேடுவார்? வாங்கிய வாரமே கால்நடை மருந்தகத்தில் சொல்லி மாற்றுங்கள்.

வில்லை அறுந்து விழுந்தாலும் உடனே சொல்லிப் புதியது போடுங்கள். காப்பீடு செய்திருந்தால் புது எண்ணை நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். வில்லையில்லாமல் மாடு இறந்தால் இழப்பீடு வாங்குவது பெரும்பாடு. காதில் புண் வந்தால் வேப்பெண்ணெய் தடவுங்கள், வில்லையைக் கழற்றிவிடாதீர்கள். ஆறாவிட்டால் 1962-ஐ அழையுங்கள்.