பாப்பாவுக்குப் பத்து டப்பா வேண்டாமே!

தொட்டில் போடுகிற விசேஷம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு, மூலையில் கிடக்கும் பரிசுக் குவியலைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மதுரை அத்தை கொடுத்தது ஒரு பேபி செட். பரமக்குடி பெரியம்மா கொடுத்தது இன்னொன்று. துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா கொண்டு வந்தது, கைப்பிடி வைத்த பெரிய பெட்டி! சோப்பு, ஷாம்பு, பவுடர், லோஷன், க்ரீம், ஆயில், கொலோன், ஈரத் துடைப்பான்... வீட்டில் இருக்கிற அத்தனை பெரியவர்களுக்கும் சேர்த்தால்கூட இவ்வளவு வராது. மூன்று கிலோ எடையுள்ள அந்தச் சின்ன உடம்புக்கு இத்தனையும் தேவையா?

இவற்றில் முக்கால்வாசி தேவையில்லை என்பதுதான் உண்மை. சில கெடுதலும் செய்யும். அதிலும் நம் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வெயிலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொள்வதால் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் பாப்பாவின் தோலைப் புரிந்துகொள்ளுங்கள். பெரியவர்கள் தோலைவிட அது மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் நம்மைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனால் தடவுகிற பொருள் உடம்புக்குள் இறங்குவதும் அதிகம். பிறந்தபோது தோலின் மேல் லேசான அமிலத்தன்மைகூட இருக்காது. அடுத்த சில நாட்களில், வாரங்களில்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். கிருமிகளைத் தடுக்கிற காவல்காரன் அதுதான். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. தினமும் அழுத்தித் தேய்த்தால் அந்தக் காவல்காரனை நாமே விரட்டிவிட்ட மாதிரி.

பிறந்த குழந்தையின் மேல் வெண்ணெய் தடவியது போல ஒரு வெள்ளைப் பூச்சு இருக்குமே, பார்த்திருப்பீர்கள். "ஐயே, அழுக்கு" என்று உடனே தேய்த்துக் குளிப்பாட்டிவிடுவார்கள். அது அழுக்கல்ல. இயற்கை கொடுத்த முதல் க்ரீம்! பிறந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் முதல் குளியல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்புச் சூடு இறங்காமல் இருக்கவும் அது உதவும்.

நம்ம ஊர் தண்ணி

கடைக்குப் போய் சோப்பு தேர்ந்தெடுக்கும் முன்னால், உங்கள் வீட்டுத் தண்ணீரை யோசியுங்கள். இராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை, ராமேஸ்வரம்... எங்கே பார்த்தாலும் பல வீடுகளில் போரில் வருவது உவர்ப்புத் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடத்தில் பிடித்து, குடிக்க மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். குளிக்க, துவைக்க எல்லாம் அந்த உவர்ப்புதான்.

இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று தெரியுமா? தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, வாளி ஓரத்தில் ஒட்டுகிறதே, அந்தப் பிசுபிசுப்பான வெள்ளைப் படிவமாக மாறிவிடும். நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் சோப்பு போடுவோம். படிவம் இன்னும் கூடும். வாளியில் ஒட்டுகிற அதே படிவம் பாப்பாவின் கழுத்து மடிப்பிலும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். தோல் வறண்டு, சிவந்து, சொறசொறவென்று ஆகிவிடும். "சோப்பு சேரலை" என்று வேறு சோப்பு மாற்றுவோம். மாற்ற வேண்டியது சோப்பை அல்ல, முறையை!

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். சோப்பு போட்டால்கூட பாலும் வியர்வையும் தேங்குகிற மடிப்புகளிலும், மலம் பட்ட இடத்திலும் மட்டும். கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர், அதாவது குடிதண்ணீர், ஊற்றி அலசிவிடுங்கள். ஒரே ஒரு சொம்புதானே? குடத்துத் தண்ணீரின் மதிப்பு தெரிந்த ஊர் இது. இருந்தாலும் பாப்பாவுக்காக ஒதுக்கலாம். தினமும் குளிப்பாட்டுகிறவர்கள் ஐந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால் நல்லது. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு ஆவி பறக்க ஊற்றுவார்களே, அந்தச் சூடு மட்டும் வேண்டாம். உங்கள் முழங்கையை முக்கிப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

சோப்பு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உவர்ப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு 'சின்டெட்' வகை நல்லது. பார்க்க சோப்புக் கட்டி மாதிரிதான் இருக்கும்; ஆனால் சோப்பு அல்ல. அது கால்சியத்தோடு சேர்ந்து படிவம் ஆகாது, காரமும் குறைவு. விலை கூடுதல்தான். மடிப்புகளுக்கு மட்டும் போட்டால் ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும். பெரியவர்கள் போடும் 'பாத்திங் பார்' பாப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

பவுடர் பற்றி

இங்கேதான் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டும். ஏனென்றால் பவுடர் போடாத பாப்பாவை, பாப்பாவாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் நம் வீடுகளில்! முகம், கழுத்து, வயிறு, பஞ்சால் ஒற்றி ஒற்றி வெள்ளை வெளேர் என்று ஆக்கி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தால்தான் திருப்தி.

பல வருடங்களாகப் பேபி பவுடர் என்றால் டால்க் என்கிற கனிமத்தின் தூள்தான். பூமியிலிருந்து வெட்டி எடுக்கும்போது அதன் பக்கத்திலேயே ஆஸ்பெஸ்டாஸ் கனிமமும் இருக்கலாம் என்பது ஒரு பயம். இதை வைத்து அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மீது ஆயிரக்கணக்கில் வழக்குகள் வந்தன. தன் பவுடர் பாதுகாப்பானதுதான் என்று கம்பெனி மறுத்தே வந்திருக்கிறது. ஆனாலும் 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பேபி பவுடரை நிறுத்தியது. 2023-ல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டு சோள மாவுப் பவுடருக்கு மாறப்போவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தது. 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டால்க்கை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்கிற பட்டியலில், இரண்டாம் படியில் சேர்த்தது.

புற்றுநோய் வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். கைக்குழந்தைக்கு அதைவிட உடனடியான ஆபத்து மூச்சு. டப்பாவைத் தட்டும்போது எழும் அந்த மெல்லிய புகை நேராகக் குழந்தையின் நுரையீரலுக்குள் போகிறது. டப்பாவை விளையாடக் கொடுத்து, மூடி திறந்து முகத்தில் கொட்டி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் நிறைய. சோள மாவுப் பவுடரும் தூள்தான். அதுவும் பறக்கும், அதுவும் மூக்கில் ஏறும்.

"வேர்க்குரு வருதே, பவுடர் போடாம எப்படீங்க?" என்பீர்கள். நியாயமான கேள்விதான், அதுவும் அக்னி நட்சத்திரத்தில்! வேர்க்குரு என்பது வியர்வை வெளியே வரும் துளை அடைத்துக்கொள்வது. அதன் மேல் பவுடரை அப்பினால் வியர்வையோடு குழைந்து இன்னும் அடைக்கும். எண்ணெய் தடவினாலும் அதே கதைதான். தளர்வான பருத்திச் சட்டை, காற்றோட்டம், ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது... இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும். பெரியவர்களுக்கான வேர்க்குரு பவுடரைப் பாப்பாவுக்குப் போடவே போடாதீர்கள். சிலவற்றில் போரிக் அமிலம் இருக்கும். புண்ணான தோல் வழியே அது உள்ளே இறங்கினால் விஷம்.

பவுடர் விஷமானதற்கு ஒரு கொடிய உதாரணம், 1972-ல் பிரான்சில் நடந்தது. 'மொராஞ்ச்' என்ற பேபி பவுடரில் தயாரிப்புத் தவறால் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி ஆறு சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தார்கள். யாரும் வாயில் ஊட்டவில்லை. இடுப்பிலும் தொடையிலும் தூவியதுதான். பாப்பாவின் தோல் எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

டப்பாவின் முதுகைப் படியுங்கள்

முன்பக்கம் சிரிக்கிற குழந்தை படமும் 'மைல்ட்', 'நேச்சுரல்', 'ஹைப்போ அலர்ஜெனிக்' போன்ற வார்த்தைகளும்தான் இருக்கும். அந்தக் கடைசி வார்த்தைக்கு வரையறை வைக்க அமெரிக்க அரசு 1975-ல் ஒரு விதி போட்டது. அழகுசாதனக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போக, 1977-ல் விதி ரத்தானது. ஆகவே அந்த வார்த்தையை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

பின்பக்கம் திருப்புங்கள். எழுத்து பொடிசாகத்தான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டாவது படிக்கலாம்! பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 'ஃபிராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்று இருந்தால், தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருள்தான் முக்கியமான காரணங்களில் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். பாப்பாவுக்கென்று ஒரு வாசனை உண்டே, அதைவிடவா சென்ட் நல்லா இருக்கும்? 'சோடியம் லாரில் சல்பேட்' என்றால் நுரை அதிகம், எரிச்சலும் அதிகம். ஈரத் துடைப்பான், லோஷன் வாங்கும்போது 'மெதில் ஐசோதயசோலினோன்' என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பொருட்களில் இதை ஐரோப்பிய யூனியன் 2017-ல் தடை செய்துவிட்டது. வீட்டில் இருக்கும்போது துடைப்பான் எதற்கு? தண்ணீரும் பழைய மல் வேட்டித் துண்டும் போதும்.

'ஆயுர்வேதிக்', 'ஹெர்பல்' என்றாலும் இதே பரிசோதனைதான். கஸ்தூரி மஞ்சளும் பயத்தம் மாவும் இயற்கைதான். ஆனால் சொரசொரப்பாக அரைத்த மாவை வைத்து, முடி உதிரும் என்று பிஞ்சுத் தோலைத் தேய்ப்பது இயற்கை அல்ல.

எண்ணெய்

உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் தென்னந்தோப்புக்கா பஞ்சம்? வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். குளிக்கும் முன் லேசாகத் தடவி இதமாக நீவிவிடுங்கள். ஃபாரின் ஆலிவ் ஆயில் தேவையில்லை. அதிலிருக்கும் ஒலீயிக் அமிலம் தோலின் பாதுகாப்பைத் தளர்த்துகிறது என்று சொல்லப்படுகிறது. அக்கி, கரப்பான் வராமல் இருக்க முதல் நாளிலிருந்தே க்ரீம் தடவுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. இங்கிலாந்தில் 1,394 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. முதல் வருடம் முழுக்கத் தினமும் க்ரீம் தடவியும் கரப்பான் குறையவில்லை. வறண்ட தோலுக்குத் தடவலாம். நன்றாக இருக்கிற தோலுக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு வேண்டுகோள், பாட்டிமார்களே. எண்ணெயை மூக்கிலும் காதிலும் கண்ணிலும் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். சாதாரண மருந்துக்கு அது லேசில் அடங்காது.

தடவக் கூடாதவை

மெடிக்கல் ஷாப்பில் "குழந்தைக்குச் செவப்பா இருக்கு, ஏதாவது க்ரீம் கொடுங்க" என்று கேட்டு வாங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருந்தால் மறுநாளே சிவப்பு மறையும். அடடா என்று தொடர்ந்து தடவுவீர்கள். டயபருக்குள் மூடி வைத்த இடத்தில் அது பல மடங்கு உள்ளே இறங்கும். முகம் உப்பி, வளர்ச்சி தடைப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த கைக்குழந்தைகளைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்கிற கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள், அவர் உங்கள் பாப்பாவுக்கு நல்லதுதான் செய்கிறார். டயபர் புண்ணுக்கு அடிக்கடி மாற்றுவதும், கழுவி ஈரம் போக ஒற்றுவதும், ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு மெல்லிசாகத் தடவுவதும் போதும்.

கண் மை, சுர்மா: சிலவற்றில் ஈயம் இருக்கும். திருஷ்டிக்குத்தான் என்றால் பாதத்தின் அடியில் பொட்டு வையுங்கள், கண்ணுக்கு வேண்டாம். தைலம், கற்பூரம் கலந்த எதுவும் நெஞ்சில், மூக்கில் தடவக் கூடாது. கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும்.

பிறந்த பாப்பாவுக்குப் பழைய துணி போடுவது நல்ல வழக்கம், மெத்தென்று இருக்கும். ஆனால் பெட்டியிலிருந்து பாச்சா உருண்டை வாசனையோடு எடுத்து அப்படியே போர்த்தாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும். பாச்சா உருண்டையின் நாப்தலின் ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். நன்றாக அலசி, வெயிலில் காயப்போட்டு, வாசனை போன பிறகுதான் போட வேண்டும்.

இன்னொன்று, இது நம் மாவட்டத்துக்கே உரியது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய்! பழம் பறித்து, காயவைத்து, காம்பு கிள்ளிய கையோடு பாப்பாவைத் தூக்காதீர்கள். சோப்பு மட்டும் போட்டால் அந்த எரிவு போகாது. முதலில் கையில் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு போடுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? சீழ் வைத்த கொப்புளம், தோல் உரிதல், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, தடிப்போடு காய்ச்சல், பால் குடிக்காமல் துவளுதல்... இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். இராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கிளம்பும்போது, பாப்பாவுக்கு அதுவரை தடவிய சோப்பு, எண்ணெய், க்ரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டரும் அந்தப் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.