சிறு நகரத்தில் வாழ்வு: வரவும் செலவும்

வவுனியா நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த இடங்களின் பெயர்களைச் சற்றுச் சொல்லிப் பாருங்கள். வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், குருமன்காடு, பூந்தோட்டம். எல்லாம் குளமும் காடும் தோட்டமும்தான். இன்று அங்கே கடைகளும் ரியூசன் வகுப்புகளும் அடுக்கு வீடுகளும் இருக்கின்றன. பெயர் மட்டும் மாறவில்லை. வேளாண்மை செய்த மண்ணின்மேல் எழுந்த நகரம் இது. இதில் குடியிருப்போரிலும் பலர் வயலை விட்டு வந்தவர்களே.

1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள் இப்பகுதியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோதும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் பெயர்ந்த பின்னரும், 1996 இல் கிளிநொச்சி பெயர்ந்த பின்னரும் சனம் வந்து சேர்ந்தது. பூந்தோட்டம் போன்ற நலன்புரி நிலையங்களில் வருடக்கணக்காக இருந்தவர்கள் உண்டு. 2009 இல் வன்னியில் எஞ்சியிருந்த மக்களில் பெரும்பகுதியினர் செட்டிகுளம் பகுதியிலுள்ள மெனிக் பாம் முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. 1981 குடிசன மதிப்பீட்டில் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ 95,000 பேர் இருந்தார்கள். 2012 இல் அத்தொகை ஏறத்தாழ 1,72,000 ஆயிற்று.

பலர் ஊர் திரும்பினார்கள். சிலருடைய காணி இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை. வேறு சிலருக்குக் காணி இருக்கிறது, பாதையும் இருக்கிறது, ஆனாலும் போகவில்லை. அவ்வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான். “இந்த மழைக்காவது போய் விதைப்போம்” என்கிறார் தகப்பன். “எனக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை” என்கிறாள் மகள். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆகவே கோபப்படாமல், கடைக்காரர் கொப்பியில் எழுதுவதுபோல வரவையும் செலவையும் எழுதிப் பார்ப்போம்.

வரவுப் பக்கம்

முதலாவது, தூரம் குறைகிறது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, கண்டி ஆகிய நாற்றிசைக்கும் இந்நகரிலிருந்து பாதை பிரிகிறது. மாவட்டப் பொது வைத்தியசாலை இங்கே இருக்கிறது. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மண் பாதையில் போனவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

இரண்டாவது, படிப்பு. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு ஆசிரியர் கிடைப்பது சிறு கிராமப் பாடசாலைகளில் அரிது. நகரில் அவ்வகுப்புகள் நடக்கின்றன. தொழில்நுட்பக் கல்லூரியும் விவசாயக் கல்லூரியும் இம்மாவட்டத்திலேயே உண்டு. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கியது, 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம்.

மூன்றாவது, அன்றாடக் கூலி. அரிசி ஆலை, கடை, கட்டட வேலை, தையல் என்று ஏதோ ஒன்று அகப்படும். வயல் நான்கு மாதம் காத்திருந்தே பலன் தரும். நகரத்துக் கூலி அன்று மாலையே கைக்கு வரும்.

நான்காவதை நாம் வெளிப்படையாகப் பேசுவது குறைவு. ஊரில் ஒருவர் தண்ணீர் கேட்டால், “நீர் எந்தப் பகுதி ஆள்?” என்று சாதியை அறிந்துகொண்டு வாளியைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நகரத்துக் கடையில் காசைத்தான் பார்க்கிறார்கள். கணவனை இழந்த பெண் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வந்தாலும் ஒழுங்கை முழுவதும் கதைப்பதில்லை. ஊரைப் பற்றி ஏங்கும்போது இவற்றை மறந்துவிடக் கூடாது. திரும்பிப் போகிறவர்கள் பழைய வேலிகளையும் திரும்ப அடைக்கத் தேவையில்லை.

கொழும்போடு ஒப்பிட்டாலும் சிறு நகரத்துக்கு ஒரு நன்மை உண்டு. கொழும்பில் வாடகை அதிகம், வயல் நெடுந்தூரம். இங்கிருந்து ஓமந்தை, நெடுங்கேணி, செட்டிகுளம் பக்கத்து வயலுக்குக் காலை போய் மாலை திரும்பலாம்.

செலவுப் பக்கம்

நகரத்தில் அடுப்பு எரிவது காசால். ஊரிலே விறகும் முருங்கையிலையும் முட்டையும் வளவுக்குள் கிடந்தன. அவற்றை நாம் வருமானம் என்று எண்ணியதே இல்லை. நகரத்தில் அவை ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. கூலி கூடவாக வந்தும் மாத முடிவில் கடன் நிற்பதன் காரணம் இதுதான். அந்தக் கடனை அடைக்க வாரக் கடன், அதை அடைக்க இன்னொரு வாரக் கடன் என்று சிக்கிய பெண்கள் எத்தனை பேர்!

அரிசிக் கணக்கை மட்டும் பாருங்கள். ஐந்து பேருள்ள குடும்பம் வருடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 600 கிலோ அரிசி உண்ணும். 100 கிலோ நெல் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். ஆகவே 800 முதல் 900 கிலோ நெல் போதும். நீர் வசதியுள்ள ஒரு ஏக்கர் வயல் நல்ல காலபோகத்தில் 1,500 முதல் 2,000 கிலோ வரை தரும். பாதி பானைக்குப் போக, மீதி உழவுக்கும் பசளைக்கும் விதைநெல்லுக்கும் உதவும். அந்த ஒரு ஏக்கர், விலை ஏறினாலும் இறங்கினாலும் பானையைக் காலியாக விடாது. 2022 இல் அரிசி விலை ஏறியபோது வயல் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இருந்த வேறுபாட்டை எல்லோரும் கண்டோம்.

அடுத்தது தண்ணீர். ஒரு பரப்புக் காணி என்பது ஏறத்தாழ 52 அடிச் சதுரம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லுவார். வீட்டையும் கட்டிவிட்டு அந்த 50 அடியை எங்கே தேடுவது? நம் குழி தூரமாக இருந்தாலும் அயலவர் குழி வேலியோரம் இருக்கும். நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் வறள்வலய மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. குடிநீர் விடயத்தில் கவலையீனம் கூடாது.

குளத்தை நிரப்பிக் குடியேறுவதும் ஆபத்து. நம் முன்னோர் கட்டிய குளங்கள் ஒன்றின் மிகுதி நீர் அடுத்ததற்குப் போகும்படி தொடராக அமைந்தவை. இடையில் ஒன்றை மண்போட்டு மூடினால் மாரியில் நீர் வீட்டுக்குள் வரும்; கோடையில் கிணறு வற்றும். மலிவாகக் கிடைக்கிறது என்று குளத்தடிக் காணியை வாங்கவேண்டாம்.

காசுக்கணக்கில் வராத செலவும் உண்டு. உழுந்துக்கு எப்போது களை பிடுங்குவது, எந்தக் காற்றுக்கு மழை வரும், மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் புத்தகத்தில் படித்தவை அல்ல. வயலில் கூட நின்று பழகியவை. பத்து வயதில் ஊரை விட்ட பிள்ளைக்கு அது தெரியாது. தாத்தா, அம்மம்மா போனபின் கேட்பதற்கு ஆள் இருக்காது.

காணியை உயிரோடு வைத்திருங்கள்

நகரமா, ஊரா என்று இன்றே முடிவெடுக்க முடியாதிருக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் உரிமையை இழக்கக் கூடாது. அதற்குச் சில காரியங்கள் அவசியம்.

உங்கள் காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று அறிந்துகொள்ளுங்கள். வன்னியில் பலருக்கு இருப்பது 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். அதைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி விற்க முடியாது. வெள்ளைக் கடுதாசியில் எழுதி விற்றால் விற்றவருக்கும் பாதுகாப்பில்லை, வாங்கியவருக்கும் பாதுகாப்பில்லை. குடியிருக்காமலும் பயிர் செய்யாமலும் விட்டால் அனுமதிப்பத்திரம் இரத்தாகவும் இடமுண்டு. பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

பின்னுரித்தாளரின் பெயரைப் பதியுங்கள். பெயர் பதியாமல் ஒருவர் இறந்தால், இச்சட்டம் நெடுங்காலம் ஆண்மக்களுக்கே முன்னுரிமை கொடுத்து வந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது. எனினும் உயிரோடிருக்கும்போதே பெயரைப் பதிந்துவிட்டால் பிள்ளைகளிடையே வழக்கு வராது.

கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் வயல் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவரிடம் குத்தகைக்குக் கொடுப்பதாயின், எத்தனை போகம், எவ்வளவு நெல் என்று சாட்சியோடு எழுதுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

முக்கியமாக, நகரில் ஒரு பரப்பு வாங்குவதற்காக ஊரில் ஒரு ஏக்கரை விற்காதீர்கள். ஒரு ஏக்கர் 16 பரப்பு. அந்த ஒரு பரப்பில் படுக்கலாம்; உழ முடியாது.

இரண்டு கால் வைப்பது

நகரத்தில் வீடு, ஊரில் வயல் என்று வாழ முயல்வோர் உண்டு. பிள்ளை படித்து முடியும்வரை இது நல்ல வழியே. ஆனால் தனி ஆளாய்ச் செய்தால் தோற்கும். இரவில் காவல் இல்லாத வயலை யானையும் கட்டாக்காலி மாடுகளும் முடித்துவிடும். ஒரே வெளியில் வயல் உள்ள ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்துக் காவல் இருந்தால் ஒருவருக்கு வாரத்தில் ஓரிரண்டு இரவுதான் வரும். உழவு இயந்திரக் கூலியும் மருந்தடிப்பும் அப்படியே பங்கிடலாம். விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். வரப்பைக் காட்டி எல்லையைச் சொல்லிக் கொடுங்கள்.

காலபோகத்துக்கு முன் ஒவ்வொரு பெருங்குளத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியவேண்டிய நாள், கால்நடைகளை அகற்றும் நாள் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். வராதவர்களின் வயலுக்காக யாரும் அங்கே பேசமாட்டார்கள். இந்த வருடம் விதைக்கப் போகிறீர்களோ இல்லையோ, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அக்கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். உங்கள் வாய்க்காலில் யார் யார் இருக்கிறார்கள், யார் வயல் தரிசாய்க் கிடக்கிறது, யாரோடு சேர்ந்து விதைக்கலாம் என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.