எழும்பும் கூரையும் ஏற்கும் எடையும்

யூட்டா, நெவாடா, அரிசோனா முதலிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் வசத்திலுள்ள பரந்த வெளிகளில் பெரும்பாலான இடங்களில் யாரும் கட்டணமின்றி 14 நாட்கள் வரை தங்கிச் செல்லலாம் என்ற ஏற்பாடு இருப்பதனால், பிக்கப் வண்டியின் பின்தொட்டி மீது ஒரு கூட்டைப் பொருத்தி அதையே இல்லமாக்கிக்கொண்டு பாலைவனங்களிலும் மலைச் சரிவுகளிலும் பிரயாணம் செய்யும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றிவிட்டது. அந்தக் கூடுகளுள் சிறப்பானது, வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்து படுத்திருக்க, நின்ற பின்னர் அக்கூரை மேலெழும்பி, இடையே துணிச் சுவர் விரிந்து, உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க இடம் தரும் வகை. ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா தொழிற்சாலை வோல்க்ஸ்வாகன் வண்டிகளில் பிரபலமாக்கிய இந்த யுக்தியை, 1972-இல் தொடங்கி இன்று கலிபோர்னியாவின் உட்லண்ட் நகரில் இயங்கும் ஃபோர் வீல் கேம்பர்ஸ் போன்ற நிறுவனங்கள் பிக்கப் வண்டிக்கு ஏற்றவாறு வளர்த்தன. இப்போதோ வாங்குபவர் தம் தொட்டியின் நீளத்தையும் தேவைகளையும் சொன்னால் அதற்கென்றே பிரத்தியேகமாகச் செய்து தருகிறவர்கள் பலர்.

கூரை ஏன் தாழ வேண்டும் என்பதற்குப் பௌதிக சாஸ்திரம் இரண்டு காரணங்கள் சொல்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 120-க்கு உயர்ந்தால் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது, ஆகவே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் எரிபொருளால் விலை கொடுக்க நேரிடுகிறது. இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 150 சென்டிமீட்டர் உயரத்தில் 200 கிலோவை ஏற்றினால் அந்த மையம் 77 சென்டிமீட்டருக்கு உயர்கிறது. இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 160 சென்டிமீட்டரானால், அதில் பாதியை மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் விகிதம் 1.14-லிருந்து 1.04-க்கு இறங்குகிறது. இந்த விகிதம் குறையக் குறைய வண்டி குடைசாயும் அபாயம் ஏறுகிறது என்பதே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையினரும் கையாளும் கணக்கு.

எனவே கூட்டைத் தேர்ந்தெடுக்க முற்படுகிறவர் பார்க்க வேண்டிய முதல் பொருள், விற்பனையாளரின் வர்ணப் படங்களன்று. தம் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு சீட்டேயாகும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். நடுத்தரப் பிக்கப் ஒன்றுக்கு அது 550 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் 150 கிலோ, தண்ணீர் 40, குளிர்பெட்டியும் மின்கலமும் 60, படுக்கை, உணவு, கருவிகள், உதிரிச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து 80 என்று கூட்டினால், கூட்டுக்கு மிஞ்சுவது 220 கிலோ மட்டுமே. பாறை வழிக்கென்று எஃகுத் தடுப்பும் கனத்த டயர்களும் பூட்டியிருப்பவருக்கு அதுவும் மிஞ்சாது. இலேசான கூடுகள் 150 கிலோவுக்குள் கிடைக்கின்றன. பெட்டி போன்ற முழுமையான வகையோ, அடுப்பும் அலமாரியும் வைப்பதற்கு முன்பே 300 கிலோவைத் தாண்டிவிடுவதுண்டு. அதிக எடையைத் தாங்கக் கனத்த வில்பட்டைகளைப் போட்டுக்கொண்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வில்பட்டை வண்டியின் பின்புறத்தை நிமிர்த்துமேயன்றி, பிரேக்கையோ அச்சையோ பலப்படுத்தாது. சீட்டிலுள்ள எண்ணும் மாறாது.

எடைக்கு அடுத்தபடியாக, பலரும் கவனிக்கத் தவறுகிற ஒரு விஷயம் உண்டு. பிக்கப் வண்டியில் ஓட்டுநர் அறை வேறு, பின்தொட்டி வேறு. இரண்டும் ஏணி போன்ற ஒரே சட்டத்தின் மீது தனித்தனியே அமர்ந்திருக்கின்றன. கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் கல்லின் மேலும் மற்றொன்று பள்ளத்திலும் இருக்கும்போது அந்தச் சட்டம் முறுக்கிக்கொள்ள, அறையும் தொட்டியும் வெவ்வேறு பக்கம் சாய்கின்றன. இந்தக் காரணத்தால், ஓட்டுநர் அறைக்கு மேலே நீண்டு நிற்கும் படுக்கைப் பகுதி அதன் கூரையைத் தொடாமல் போதிய இடைவெளி இருக்க வேண்டும். தொட்டியின் முறுக்கலோ கூட்டின் எலும்புக்கூட்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. எஃகுக்கு ஒரு குணம் உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட அழுத்தத்தை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் அது களைப்பதில்லை. கூட்டின் சட்டத்துக்குப் பயன்படும் அலுமினியத்துக்கோ அத்தகைய எல்லையே கிடையாது. சிறு அழுத்தமாயினும் போதுமான முறை திரும்பத் திரும்ப வந்தால் ஒருநாள் விரிசல் தோன்றும், அதுவும் பற்றவைத்த இடத்தில், உஷ்ணத்தால் உலோகம் பலம் குன்றிய அந்த ஓரத்தில்தான் முதலில் தோன்றும். ஆதலால் செய்து தருபவரிடம் மூலைகளை எப்படி இணைக்கிறார், முறுக்கலுக்கு எங்கே இடம் விட்டிருக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் திண்டின் நிறத்தைப் பற்றிய ஆயிரம் வார்த்தைகளைவிட மதிப்புள்ளது.

கூரை எழும்பும் விதம் இரண்டு. முன்புறம் கீலில் நிற்க, பின்புறம் மட்டும் உயர்வது ஒன்று; முழுக் கூரையும் ஆர்மோனியத்தின் துருத்தி போல மட்டமாக எழுவது மற்றொன்று. முதல் வகை இலேசானது, விரைவில் திறப்பது, தாழ்ந்த முனையைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தினால் புயலையும் ஓரளவு சமாளிப்பது; ஆனால் படுக்கையின் கால்மாட்டில் புரளவும் இடமிராது. கூரையைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டுகளில் அடைத்திருப்பது நைட்ரஜன். அதன் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதமாகையால், 20 டிகிரியில் சுலபமாகத் திறந்த கூரை மைனஸ் 10 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழந்த தண்டுகளோடு முரண்டு பிடிக்கும். அதன்மேல் இரவில் 20 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்திருந்தால், மூன்று சதுர மீட்டர் கூரையில் அறுபது கிலோவரை பாரம் ஏறியிருக்கும். தண்டுகளை வாங்கும்போதே இதை உத்தேசித்து வாங்குவது விவேகம்.

உள்ளே உறங்குபவருக்குக் குளிரைவிடப் பெரிய தொந்தரவு ஈரம். இருவர் எட்டு மணி நேரத்தில் மூச்சாலும் வியர்வையாலும் வெளியிடும் ஜலம் அரை லிட்டருக்கு மேற்படும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத்தான் ஏற்கும். எட்டு கன மீட்டர் கொண்ட கூட்டின் காற்று முழுதும் நிறைந்தாலும் சுமார் 140 கிராமுக்கு மேல் கொள்ளாது. மிச்சம் எங்கே போகும்? மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் அலுமினியச் சட்டங்களில் படிந்து, சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் இறங்கும். சட்டத்தின் உட்புறத்தைத் தக்கையாலோ நுரைப்பலகையாலோ மூடுவதும், துணிச் சுவருக்கு உள்ளே இன்னொரு மெத்தைத் திரை தொங்கவிடுவதும் உதவும்; எனினும் எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைச் சற்றே திறந்து வைப்பதற்கு ஈடான பரிகாரம் இல்லை. உள்ளே அடுப்பு எரிப்பவருக்கு அது உயிர் காக்கும் ஏற்பாடும் ஆகும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

என் அபிப்பிராயத்தில், முதன்முறையாக வாங்குகிறவர் அலமாரியும் அடுப்பும் இல்லாத வெறுங் கூட்டையே வாங்கி, ஒரு பருவம் அதில் பிரயாணம் செய்து, எது உண்மையில் தேவை என்று தெரிந்த பின்னரே ஒவ்வொன்றாகச் சேர்ப்பது உத்தமம். அதற்கும் முன்னால், எண்ணெயை நிரப்பி, ஆட்களும் சாமான்களும் ஏறி, நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிலையங்களில் உள்ள எடைமேடையில் வண்டியை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அங்கே தரும் எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.