தங்கிவிட்ட துகளும் தங்காத துகளும்

நானோ துகளை மனித உடம்பில் ஏற்றுவது இந்த நூற்றாண்டின் புதுமை என்று நினைக்கிறோம். 1930களிலேயே ஏற்றிவிட்டார்கள். தோரோட்ராஸ்ட் என்று பெயர். தோரியம் டை ஆக்சைடின் நுண்துகள்கள் மிதக்கும் கூழ்மக் கரைசல். அதை ரத்தக்குழாயில் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் மூளையின் நாளங்கள் கிளைகிளையாகத் துலங்கின. போர்ச்சுகல் மருத்துவர் ஈகாஸ் மோனிஸ் அதைப் பயன்படுத்தினார். போட்டவுடன் பெரிய உபாதை எதுவும் இல்லை. மருத்துவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

உபாதை மெதுவாக வந்தது. துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் உட்கார்ந்தன, எழுந்திருக்கவே இல்லை. பல ஆண்டு கழித்து வேறெதற்கோ வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால், எந்த மருந்தும் கொடுக்காமலே மண்ணீரல் வெள்ளை வெளேரென்று தெரியும். இருந்த இடத்திலிருந்தே ஆல்ஃபா கதிரை வீசிக்கொண்டிருந்தது தோரியம். அதனால் வந்த கல்லீரல் புற்று பற்றிய மருத்துவக் கட்டுரை 1947இல் வெளியானது. நோயைப் பார்க்கக் கொடுத்ததே நோயாயிற்று.

இன்று பிரான்சின் கிரெனோபிள் மருத்துவர்கள் மூளைக்குப் பரவிய புற்றுக்கட்டிகளுக்காகச் சோதிக்கும் 'ஆகுயிக்ஸ்' துகள் ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான். சிறுநீரக வடிகட்டி தடுக்காத அளவு. வேலை முடிந்ததும் சிறுநீரோடு போய்விடும். அதிலுள்ள கடோலினியம் என்ற உலோகம் இரண்டு வேலை செய்கிறது. அந்தக் கட்டிகளின் ரத்தக்குழாய்கள் ஒழுகும் தன்மையுள்ளவை; அந்த வழியே துகள் கட்டிக்குள் இறங்க, எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி பளிச்சிடுகிறது. பிறகு கதிர்வீச்சு கொடுக்கும்போது கடோலினியம் அணுக்கள் எக்ஸ் கதிரை வாங்கி எலெக்ட்ரான்களைச் சிதறவிடுகின்றன. கட்டிக்குள் மட்டும் அடி கூடுதலாக விழுகிறது. எங்கே எவ்வளவு துகள் சேர்ந்தது என்பதைப் படத்திலேயே பார்த்துவிடலாம். எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது. அன்று துகள் தங்கியதன் விளைவு பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று துகள் எங்கே சேர்ந்தது என்பது மருந்து போட்ட அன்றே தெரிகிறது.

ஆனால் முதல் சோதனையில் இருந்தவர்கள் 15 பேர்தான். பாதுகாப்பைப் பார்க்க அது போதும். ஆயுள் நீளுமா என்று சொல்லப் போதாது. இன்னொரு தலைவலியும் உண்டு. விலங்குகளில் நடந்த நானோ ஆய்வுகளை டொரோண்டோ குழுவினர் 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய அளவில் கட்டியைச் சென்றடைந்ததன் இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வது இன்றும் அதே கல்லீரலும் மண்ணீரலும்தான். ஆகுயிக்ஸைச் சிறுநீரக வழியாக அனுப்பும் அளவுக்குச் சிறிதாகச் செய்ததற்குக் காரணமும் அதுவே.