பழைய ரோட்டரி எஞ்சின் வாங்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் கம்ப்ரஷன் பாருங்க

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல இருந்து நம்ம வீடியோ பார்க்கிற ஆர்எக்ஸ்-7 பிரியர்களே! ஜப்பானில் இருந்து வந்த பழைய 13பி எஞ்சின் மலிவா கிடைக்குதுன்னு உடனே சம்பளத்தைக் கொட்டிடாதீங்க.

இதில் ரெண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் மூணு முகம். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் மூணில் அதிகமானதை மட்டும்தான் காட்டும். ஏபெக்ஸ் சீல் ஒண்ணு போயிருந்தாலும் தெரியாது. ரோட்டரி டெஸ்டரில் ஆறு அளவும் கேளுங்க. 13பி-ஆர்இடபிள்யூ என்றால் 250 ஆர்பிஎம்மில் சதுர செ.மீ.க்கு 6 கிலோவுக்குக் குறையக்கூடாது.

தேறிடுச்சா? காரில் ஏற்றும் முன்பே ரியர் மெயின் சீல், வாட்டர் பம்ப், ஹோஸ், பிளக் எல்லாம் மாத்திடுங்க. அப்புறம் ஒரு சீலுக்காக எஞ்சினை இறக்கினால் கூலி ரெண்டு தடவை!

விற்கிறவர் டெஸ்ட்டுக்கு ஒத்துக்கலையா? ரீபில்ட் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்க. பட்ஜெட் தாங்கலைன்னா, விட்டுடுங்க.