ஓர் ஊருக்கு ரெண்டு எம்.பி.!

வெளியூர் விருந்தாளி யாரையாவது பாண்டி பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். ‘குபேர் அங்காடி’ என்ற பெயரைப் படித்ததும், “பணத்துக்கு அதிபதி பேரா? பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க!” என்பார். நாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்ல வேண்டும்: “அது அந்தக் குபேரன் இல்லீங்க, எங்க பழைய எம்.பி.!”

எதுவார் குபேர். மீன்கூடைக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் பெயரை விட்டுவிட்டுப் போன இந்த மனிதர்தான் கடற்கரைச் சாலைக்கும் சொந்தக்காரர். 1951-இல் இவரை நம் ஊர் தேர்ந்தெடுத்து அனுப்பியது டில்லிக்கு அல்ல, பாரிஸுக்கு! பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்காருபவருக்கு ‘தெபுத்தே’ என்று பெயர். அதற்கு முன் அங்கே இருந்த லம்பேர் சரவணன் அந்தத் தேர்தலில் வாங்கிய வோட்டு இருநூறைக்கூடத் தொடவில்லை. குபேருக்கோ கிட்டத்தட்ட மொத்தமும்! வோட்டு எப்படி விழுந்தது என்று கேட்காதீர்கள். பாண்டித் தேர்தல்களில் பெட்டிக்குள் நடந்ததைவிடப் பெட்டிக்கு வெளியே நடந்ததுதான் சுவாரசியம்.

அதே குபேர் 1954 மார்ச்சில் அடித்தார் பாருங்கள், ஒரு பல்டி! பிரெஞ்சுக் கொடிக்காகப் பேசிக்கொண்டிருந்தவர் ஒரே இரவில் ‘இந்தியாவோடு சேருவோம்’ என்று கட்சிக்காரர்களோடு நெட்டப்பாக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பாரிஸ் பதவிக்காலம் முடியவே இல்லை. ஆனால் தெபுத்தே இங்கே விடுதலை சர்க்கார் நடத்திக்கொண்டிருக்கிறார்! அக்டோபர் 18-இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. (அந்த எட்டுப் பேரோடு ஒரு காபி சாப்பிடக் கொடுத்து வைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.) நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1963-இல் யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் யார்? வேறு யார், குபேர்தான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் எட்டிப் பார்ப்போமா? பாரிஸ் நாற்காலி மூன்றாம் குடியரசு காலத்திலேயே, 1871-லேயே வந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1881 முதல் 1898 வரை பியேர் அலிப், 1910-இலிருந்து போல் புளுய்சேன் என்று வரிசை போகும். வேட்பாளர் அங்கே, வோட்டர் இங்கே. நடுவில் வோட்டை வாங்கித்தரும் உள்ளூர்ப் பெரிய கை ஒன்று இருக்கும். அந்தப் பெரிய கை பல ஆண்டுகள் நாடு சண்முக வேலாயுத முதலியாருடையது. அவர் யாரைக் காட்டுகிறாரோ அவருக்குக் கப்பல் டிக்கெட் உறுதி என்பது போன்ற நிலைமை. தெபுத்தேயை ஆக்குபவர் தெபுத்தேயைவிடப் பெரியவர்!

இதைப் படித்து யாரும் பிரெஞ்சுக்காரர்களைக் கேலி செய்ய வேண்டாம். இங்கிலாந்தில் ‘ஓல்டு சாரம்’ என்று ஒரு தொகுதி இருந்தது. ஊரே கிடையாது, புல் முளைத்த மேடு! அதற்கு இரண்டு எம்.பி.க்கள். அந்த மேட்டை விலைக்கு வாங்கி எம்.பி. ஆனவர் தாமஸ் பிட், நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். மதராசில் வாங்கிய வைரத்தை 1717-இல் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கே விற்றார், அது இன்று லூவ்ர் காட்சியகத்தில் மின்னுகிறது. ஓல்டு சாரத்தை 1832-இல் ஒழித்தார்கள்.

சரி, டில்லிக்கு வருவோம். புதுவை முதன்முதலாகக் கலந்துகொண்ட பொதுத்தேர்தல் 1967, ஜெயித்தவர் காங்கிரஸின் சேதுராமன். 1971-இல் வந்தவர் பெரிய நட்சத்திரம்: மோகன் குமாரமங்கலம். ஈட்டனில் படித்த பழைய கம்யூனிஸ்ட், இந்திரா அமைச்சரவையில் உருக்குத் துறை. பாண்டிக்காரர் அல்ல, ஆனாலும் பாண்டி ஜெயிக்க வைத்தது. 1973 மே 31-இல் டில்லி விமான விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் அரவிந்த பாலா பழனூர், அ.தி.மு.க.! அதே சமயம் சட்டசபையிலும் அந்தக் கட்சி ஆட்சி அமைத்தது. எம்.ஜி.ஆர். கோட்டையில் ஏறுவதற்கு மூன்று வருடம் முன்பே அவர் கட்சிக்கு முதல்வர் நாற்காலி கொடுத்தது பாண்டிதான். மூன்று வாரம்தான் தாங்கியது, அது வேறு கதை. பழனூரோ 1979-இல் சரண்சிங் அமைச்சரவைக்கே போய்விட்டார்.

இந்த நாற்காலியின் ரகசியம் என்ன தெரியுமா? இதில் உட்கார்ந்தவர்களுக்கும் முதல்வர் நாற்காலிக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம்! ஃபரூக் 29 வயதில் முதல்வர், பிறகு மூணு தடவை எம்.பி. நாராயணசாமி எம்.பி.யாக இருந்து முதல்வர் ஆனார். வைத்திலிங்கம் முதல்வராக இருந்து எம்.பி. ஆனார், அவர் அப்பா வெங்கடசுப்பா ரெட்டியாரும் முதல்வர். எல்லாரிலும் என் மனம் கவர்ந்தவர் சண்முகம். 2001-இல் முதல்வராகப் பதவியேற்றார், ஆனால் எம்.எல்.ஏ. கிடையாது. ஆறு மாதத்துக்குள் ஒரு தொகுதி வேண்டும். முப்பது தொகுதியில் ஒன்றுகூடக் கிடைக்காமல் ராஜினாமா செய்தார். வந்தவர் ரங்கசாமி.

வேட்பாளர் பாட்டையும் கேளுங்கள். ஒரே தொகுதிதான். ஆனால் காரைக்கால் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில் கோதாவரி முகத்தில். தமிழில் கும்பிட்டு, மலையாளத்தில் சிரித்து, தெலுங்கில் கை குலுக்க வேண்டும். பிரெஞ்சு காலத்துத் தெபுத்தேக்கு வங்காளத்துச் சந்திரநாகூரும் கூடுதல் சுமை.

பாரிஸ் கதை முடிந்தது என்றா நினைத்தீர்கள்? 2012-இலிருந்து வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் பதினோரு தொகுதிகள். ரஷ்யா, சீனா, ஆஸ்திரேலியாவோடு பிரெஞ்சுப் படையில் இருந்த நம் ‘சொல்தா’ தாத்தாக்களும் பதினோராவது தொகுதி! 2024 ஏப்ரல் 19-இல் பாண்டி டில்லிக்கு வாக்களித்து விரல் மை காய்ந்தது. வைத்திலிங்கம் பா.ஜ.க.வின் நமச்சிவாயத்தை 1,36,000 வோட்டுக்கு மேல் முந்தினார். அங்கே பிரெஞ்சு அதிபர் மக்ரோன் தம் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், ஜூன் 30-இல் அதே தெருவில் இன்னொரு தேர்தல். இங்கே மையும் கிடையாது, ‘பீப்’ சத்தமும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு சீட்டு என்று அடுக்கி வைத்திருப்பார்கள். எடுத்து மறைவுக்குள் போய் ஒன்றை உறையில் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் நழுவ விட்டதும் அதிகாரி உரக்கச் சொல்வார்: “ஆ வொத்தே!” வோட்டுப் போட்டாச்சு என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாத்தா கிளம்பலாம். ஒரே வீட்டில் மாமனார் பாரிஸுக்கு, மருமகள் டில்லிக்கு!

கடைசியாக ஒன்று. புதுவையில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம். 2004-இல் மோகன் குமாரமங்கலத்தின் மகள் லலிதா அப்பா தொகுதியிலேயே நின்று பேராசிரியர் ராமதாஸிடம் தோற்றார். 1967-இலிருந்து இன்றுவரை டில்லி மக்களவைக்குப் பாண்டி ஒரு பெண்ணைக்கூட அனுப்பவில்லை. பாண்டிக்காரர்கள் சிலருக்காவது பெண் எம்.பி. இருக்கிறார் என்றால் அது 2017-இலிருந்து பதினோராவது தொகுதியை வைத்திருக்கும் ஆன் ஜெனெத்தே, பாரிஸில்.